யெனாவின் பையன்கள்: ஒரு நவநாஜிக் கும்பல் ஆள் சேர்த்த விதம்

2011 நவம்பர் 4, வெள்ளிக்கிழமை. ஜெர்மனியின் ஐசனாக் ஊரில் காலையில் ஒரு வங்கிக் கொள்ளை. கொள்ளையர்களைத் தேடிப்போன போலீஸ் ஒரு கேரவன் வண்டியை நெருங்கும்போது உள்ளே துப்பாக்கிச் சத்தம், அப்புறம் தீ, அணைத்துப் பார்த்தால் இரண்டு பிணங்கள். அதே நாள் கிழக்கே ட்ஸ்விக்காவ் நகரில் ஒரு வீடு வெடித்து எரிகிறது. அங்கே குடியிருந்த பெண் தன் பூனைகளை அக்கம்பக்கத்தாரிடம் விட்டுவிட்டுக் கிளம்பி, நான்கு நாள் ரயிலில் அலைந்து, பிறந்த ஊரான யெனாவில் போலீஸிடம் சரணடைகிறார். போகும் வழியில் அவர் தபாலில் போட்ட டிவிடிகளில் ஒரு கார்ட்டூன் சிறுத்தை கொலைகளை எண்ணிக் காட்டிச் சிரிக்கிறது. சின்னக் கடைகளில் சுடப்பட்ட, குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்த ஒன்பது பேர், ஒரு போலீஸ்காரப் பெண், ஆகப் பத்துக் கொலை. அந்த நாள் வரைக்கும் ஜெர்மன் போலீஸ் அந்த ஒன்பது கொலைகளையும் பெரும்பாலும் துருக்கிய மாஃபியாவின் கணக்குத் தீர்ப்பு என்றே நம்பிக்கொண்டிருந்தது.

என்.எஸ்.யூ., அதாவது ‘தேசிய சோஷலிசத் தலைமறைவு இயக்கம்’ என்று தன்னை அழைத்துக்கொண்ட இந்தக் கும்பலின் வழக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கே தொடங்கி, கொலை, விசாரணைக் குளறுபடி, தீர்ப்பு என்று போவார்கள். எனக்கு அதற்கு முந்தைய பத்து வருடம்தான் முக்கியமாகப் படுகிறது. கேரவனில் இறந்துகிடந்த ஊவெ முண்ட்லோஸ், ஊவெ போன்ஹார்ட், சரணடைந்த பெயாட்டெ சேப்பெ மூவரும் வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தவர்கள் இல்லை. முண்ட்லோஸின் அப்பா கணினித் துறைப் பேராசிரியர், போன்ஹார்டின் அம்மா பள்ளி ஆசிரியை. 1990-களின் தொடக்கத்தில் அவர்கள் யெனாவின் அடுக்குமாடிப் புறநகர்களில் திரிந்த சாதாரணப் பதின்வயதுப் பிள்ளைகள். யாரோ அவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். எப்படி என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் காலத்தைப் பார்த்துவிடலாம். 1989-ல் சுவர் விழுந்தது, அடுத்த வருடம் கிழக்கு ஜெர்மனி என்ற நாடே இல்லாமல் போனது. யெனா என்றால் கார்ல் ட்சைஸ் லென்ஸ் தொழிற்சாலை. அங்கே ஆயிரக்கணக்கில் வேலை போயிற்று. பெற்றோர் வீட்டில் முடங்கினார்கள், நேற்று வரை பொதுவுடைமை பாடம் எடுத்த ஆசிரியர் இன்று வேறு பாடம் எடுத்தார், போலீஸுக்கே தன் அதிகாரம் எதுவரை என்று தெரியாத நிலை. இதையே காரணம் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. வேலை போன குடும்பங்களில் பெரும்பாலான பிள்ளைகள் யாரையும் கொல்லவில்லை.

வேலையின்மையைவிட அவர்கள் கண்ணெதிரே நடந்ததுதான் பெரிய பாடம் என்பேன். 1991 செப்டம்பரில் ஹோயர்ஸ்வெர்டா ஊரில் வியட்நாம், மொசாம்பிக் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியைக் கும்பல் நாள்கணக்கில் தாக்கியது. கடைசியில் அதிகாரிகள் பேருந்து பிடித்து அனுப்பியது தாக்கப்பட்டவர்களைத்தான். 1992 ஆகஸ்டில் ரோஸ்டாக்கின் லிஷ்டன்ஹாகன் பகுதியில், உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட வியட்நாமியர் இருக்கும்போதே கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள், வெளியே ஆயிரக்கணக்கானோர் நின்று கைதட்டினார்கள். 1993 மே 26-ல் நாடாளுமன்றம் அரசியலமைப்பையே திருத்தி அகதித் தஞ்ச உரிமையைச் சுருக்கியது. ஈழத்திலிருந்து ஜெர்மனிக்கு வந்துகொண்டிருந்த நம்மவர்களின் கதவும் அன்றைக்குத்தான் பாதி மூடியது. மூன்றே நாளில், மே 29 அன்று, சோலிங்கனில் ஒரு துருக்கியக் குடும்பத்தின் வீட்டைக் கொளுத்திப் பெண்களும் சிறுமிகளுமாக ஐந்து பேரைக் கொன்றார்கள். அடித்தால் அரசு அசையும், ஊர் கைதட்டும்: பதினாறு வயதுப் பையனுக்கு இதைப் புரியவைக்க எந்தத் துண்டறிக்கையும் தேவைப்படவில்லை.

இடம் கிடைத்தது

யெனாவின் வின்ட்ஸர்லா பகுதியில் 1991-ல் ஓர் இளைஞர் மன்றம் திறந்தார்கள். சேப்பெயும் முண்ட்லோஸும் அங்கே போகிறவர்கள். 1992-ல் மத்திய அரசு கிழக்கு மாநில இளைஞர் வன்முறையைக் குறைக்க வருடத்துக்கு 2 கோடி மார்க் ஒதுக்கி ஒரு திட்டம் கொண்டுவந்தது, அப்போது அதற்குப் பொறுப்பான இளைஞர் நல அமைச்சர் அங்கேலா மெர்க்கல். ‘ஏற்றுக்கொள்ளும் இளைஞர் பணி’ என்று ஒரு கொள்கை அப்போது பிரபலம். மொட்டையடித்துக்கொண்டு பூட்ஸ் போட்டு வரும் பையனின் அரசியலோடு சண்டை போடாதே, அவன் பிரச்சினையைக் கேள், இடம் கொடு, உறவை வளர்த்துக்கொள், அவன் தானே மாறுவான் என்பது எண்ணம். எண்ணத்தில் தப்பு என்று சொல்லிவிட முடியாது, அனுபவமும் நிதானமும் உள்ள பணியாளர்கள் கையில் அது வேலை செய்திருக்கலாம். ஆனால் கிழக்கில் பல மன்றங்களை நடத்தியவர்கள் அவசரமாக வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள். ஒரு மன்றத்தில் நவநாஜிப் பையன்கள் நிலையாக உட்கார ஆரம்பித்ததும் பங்க் இசைப் பிரியப் பிள்ளைகளும் வெளிநாட்டுக் குடும்பத்துப் பிள்ளைகளும் அந்தப் பக்கமே வருவதில்லை. கடைசியில் பகுதியில் இருக்கிற ஒரே சூடான அறை, ஒரே இசைக்கருவி, ஒரே பில்லியர்ட்ஸ் மேஜை அந்தக் கூட்டத்துக்கு என்று ஆகிவிடும். அப்புறம் புதிதாகக் குடிவந்த பதினான்கு வயதுப் பையன் நண்பர்களைத் தேடி எங்கே போவான்?

ஆள் சேர்ப்பு என்றதும் மேடைப் பேச்சும் ஹிட்லரின் புத்தகமும் நினைவுக்கு வரும். அதெல்லாம் ரொம்பப் பின்னால் வருகிறது. முதலில் வருவது மாலை நேரம்தான்.

இந்த வழக்கிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. கொலைத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்த இளைஞன் பின்னாளில் மியூனிக் நீதிமன்றத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். தன்பாலின ஈர்ப்பை யாரிடமும் சொல்ல முடியாமல் ஒளித்துக்கொண்டு வளர்ந்தவன் அவன். ஒரு கூட்டத்தில் ஒருவனாக இருப்பது, அது தரும் பலம், அதுதான் தன்னை இழுத்தது என்றான். என்.பி.டி. என்ற தீவிர வலதுசாரிக் கட்சியின் இளைஞர் அணியில் பொறுப்புக்கும் வந்தான், 2000-ல் தன்னை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டபோது விலகினான். தன்பாலின ஈர்ப்புள்ளவர்களை வதை முகாமுக்கு அனுப்பிய ஆட்சியைக் கும்பிடும் கூட்டத்தில் அவன் வருடக்கணக்கில் இருந்திருக்கிறான். கொள்கையைப் படித்துவிட்டு வந்திருந்தால் வாசலிலேயே திரும்பியிருப்பான் இல்லையா?

புதன்கிழமை மேஜை

துரிங்கியா மாநிலத்தில் இந்தச் சிதறிய பையன்களை ஓர் அமைப்பாகக் கட்டியவர் டினோ பிராண்ட். 1994-ல் எதிராளிகளின் பெயர், முகவரி சேகரிக்கும் ஒரு சின்னக் குழுவாகத் தொடங்கி, பின்னர் அது ‘துரிங்கியத் தாயகப் பாதுகாப்பு’ என்ற பெயரில் நூற்றைம்பது பேர் அளவுக்கு வளர்ந்தது. ருடோல்ஷ்டாட் பக்கம் ஒரு மதுக்கடையில் புதன்கிழமைதோறும் கூடினார்கள். பீர் குடிப்பார்கள், பேசுவார்கள், வார இறுதியில் எங்கே ஊர்வலம், யார் வண்டியில் யார் வருகிறார்கள் என்று முடிவு செய்வார்கள். அவ்வளவுதான். உறுப்பினர் அட்டை கிடையாது, சந்தா கிடையாது. 1990-களில் அரசு பல நவநாஜி அமைப்புகளைத் தடைசெய்திருந்ததால், தடைசெய்ய எதுவுமே இல்லாத மாதிரி ‘தோழமைக் குழு’ என்று ஊருக்கு ஊர் தளர்வாக வைத்துக்கொள்வது அப்போது புதிய உத்தி. யெனா தோழமைக் குழுவில்தான் நம் மூவரும், பின்னாளில் இவர்களுக்கு உதவியதற்காகத் தண்டனை பெற்ற ரால்ஃப் வோல்லேபனும் இருந்தார்கள்.

அடுத்து நடந்தது படிப்படியாக ஏற்றிவிடும் வேலை. முதல் வேலை ஸ்டிக்கர் ஒட்டுவது. அப்புறம் ஊர்வலத்தில் பதாகை பிடிப்பது. அப்புறம் இடதுசாரிப் பையன்களோடு அடிதடி. ஒவ்வொரு படியிலும் ஒரு சின்னக் குற்றம், ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒரு பொதுவான ரகசியம், ஒவ்வொரு ரகசியத்தோடும் வெளியே உள்ள பழைய நண்பர்கள் இன்னும் கொஞ்சம் தூரமாவார்கள். 1996 ஏப்ரலில் யெனா அருகே நெடுஞ்சாலைப் பாலத்தில் தாவீதின் நட்சத்திரம் போட்ட ஒரு பொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். அதே வருடம் நவம்பரில் முண்ட்லோஸும் போன்ஹார்டும் ஹிட்லர் காலத்து எஸ்.ஏ. படையை நினைவூட்டும் சீருடையில் புஹன்வால்ட் வதை முகாம் நினைவிடத்துக்குள் உலாவினார்கள், அதற்காக அங்கே நுழையத் தடை வாங்கினார்கள். 1997 செப்டம்பரில் யெனா நாடக அரங்கின் முன்னால் சுவஸ்திகா வரைந்த ஒரு பெட்டி, உள்ளே வெடிக்காதபடி வைத்த வெடிமருந்து. மோனோபோலி விளையாட்டைப் பார்த்து யூதப் படுகொலையைக் கேலி செய்யும் ஒரு மேஜை விளையாட்டைக்கூட அவர்களே தயாரித்து விற்றார்கள்.

அந்த விளையாட்டுச் சமாசாரத்தைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட மனம் வரவில்லை. வெறுப்பை வேடிக்கையாக்கிக் கொடுப்பது இந்தக் கூட்டங்களின் பழைய கைத்திறன். சிரித்தபடி பகடை உருட்டியவன், சொல்லாமலே ஓர் எல்லையைத் தாண்டிவிடுகிறான். யாராவது கேட்டால் ‘சும்மா தமாஷ்’ என்று பின்வாங்கவும் இடம் இருக்கிறது. கொலை டிவிடியில் கார்ட்டூன் சிறுத்தை வந்ததும் அதே மூளையின் வேலைதான்.

1998 ஜனவரி 26 அன்று போலீஸ் யெனாவில் அவர்கள் வாடகைக்கு வைத்திருந்த கார் கொட்டகையைச் சோதனையிட்டது. சுமார் 1.4 கிலோ டி.என்.டி., குழாய் வெடிகுண்டுகள். அன்றைய சோதனை போன்ஹார்டின் வீட்டருகே இருந்த கொட்டகையில் தொடங்கியபோது அவன் அங்கேயே நின்றிருந்தான், கொஞ்ச நேரத்தில் தன் காரில் ஏறிப் போய்விட்டான், யாரும் தடுக்கவில்லை. அன்றிலிருந்து மூவரும் தலைமறைவு.

பாட்டும் கடையும்

தலைமறைவானவர்களுக்குக் கெம்னிட்ஸ் நகரில் முதல் அடைக்கலம் கொடுத்தது யார் என்றால், பாட்டுக் கச்சேரி நடத்துகிறவர்கள். ‘பிளட் அண்ட் ஆனர்’ என்ற வலைப்பின்னல் 1987-ல் பிரிட்டனில் ஸ்க்ரூடிரைவர் இசைக்குழுவின் பாடகர் இயன் ஸ்டூவர்ட் டொனால்ட்சன் தொடங்கியது. துண்டறிக்கையை ஒருமுறை படிப்பான், பாட்டை நூறுமுறை கேட்பான் என்பதுதான் அதன் கணக்கு. ஜெர்மனியில் அது 1990-களில் வேர்விட்டது. கச்சேரி எங்கே என்று கடைசி நேரம்வரை சொல்ல மாட்டார்கள், ஒரு தொலைபேசி எண், அங்கிருந்து ஒரு பெட்ரோல் பங்க், அங்கிருந்து இன்னொரு ஊர் என்று போலீஸை ஏமாற்றிக் கூட்டிப்போவார்கள். போகிற பையனுக்கு அந்த அலைச்சலே பாதி சுகம். கச்சேரியில் டிக்கெட் காசு, சிடி காசு, டி-ஷர்ட் காசு எல்லாம் இயக்கத்துக்கு. தலைமறைவானவர்களுக்காகவும் கச்சேரியில் உண்டியல் குலுக்கினார்கள். 2000 செப்டம்பரில் அரசு அதைத் தடைசெய்தது. கிட்டத்தட்ட அதே நாள்களில்தான் முதல் கொலை நடந்தது.

யெனாவில் இந்தக் கூட்டம் உடுப்பு வாங்கும் ஒரு கடை இருந்தது. பூட்ஸ், ஜாக்கெட், சிடி. அந்தக் கடையின் வழியாகத்தான் ஒன்பது பேரைக் கொன்ற செஸ்கா 83 கைத்துப்பாக்கி, சத்தம் அடக்கும் குழலோடு, கைமாறியது. கூட்டத்துக்கு அடையாளத்தை விற்ற இடமே ஆயுதத்தையும் விற்றிருக்கிறது. வெளியே இருந்து பார்க்கிறவருக்கு அது ஒரு துணிக்கடை.

பாட்டைப் பள்ளிக்கூட வாசலுக்குக் கொண்டுபோனது அடுத்த கட்டம். 2004-ல் நவநாஜிக் குழுக்கள் 50,000 சிடி அடித்துப் பள்ளி மைதானங்களில் இலவசமாகக் கொடுக்கத் திட்டமிட்டன, நீதிமன்றம் பறிமுதலுக்கு உத்தரவிட்டது. அதே வருடம் என்.பி.டி. கட்சி, வழக்கறிஞர்களைக் கொண்டு வடிகட்டிய, சட்டத்தில் சிக்காத தன் சொந்தச் சிடியை சாக்சனி தேர்தலில் விநியோகித்தது. 9.2 சதவீத வாக்கோடு சட்டமன்றத்துக்குள் போனது. சிடியால்தான் ஜெயித்தார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் பதினைந்து வயதில் அதை வாங்கிய பையன் அடுத்த தேர்தலில் வாக்காளன்.

அரசின் காசு

இந்த வழக்கில் எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான். டினோ பிராண்ட் 1994-லிருந்து துரிங்கியா மாநில உளவுத் துறையின் சம்பள இன்ஃபார்மர். 2001-ல் ஒரு நாளிதழ் அம்பலப்படுத்தும்வரை அவருக்குச் சுமார் 2 லட்சம் மார்க் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பணத்தை இயக்கத்தை வளர்க்கவே செலவழித்ததாக அவரே பின்னாளில் சொன்னார். சுவரொட்டி, தொலைபேசிக் கட்டணம், பெட்ரோல், அபராதம். அவர்மேல் 35 குற்ற விசாரணைகள் தொடங்கப்பட்டன, இன்ஃபார்மராக இருந்த காலத்தில் ஒன்றிலும் உருப்படியான தண்டனை இல்லை. யோசித்துப் பாருங்கள், மாநிலத்தின் பெரிய நவநாஜி அமைப்பைக் கண்காணிக்க அந்த அமைப்பைக் கட்டுகிறவருக்கே மாதாமாதம் காசு கொடுக்கிறது அரசு. புதிதாக வரும் பையனுக்கு இதன் அர்த்தம் என்ன? தலைவர் எதைச் செய்தாலும் மாட்டுவதில்லை. அதைவிடப் பெரிய விளம்பரம் உண்டா?

பிராண்ட் ஒருவர் மட்டும் இல்லை. மூவரைச் சுற்றியிருந்த வட்டத்தில் பல உளவு அலுவலகங்களுக்கும் ஆள் இருந்தார்கள். ஆயுதம் தேடுகிறார்கள் என்ற தகவல் 1998-லேயே பிராண்டன்பர்க் உளவுத் துறைக்குத் தன் ஆள் மூலம் வந்தது. தன் ஆள் யார் என்று தெரிந்துவிடக்கூடாது என்பதற்காகத் தகவலைப் போலீஸ் பயன்படுத்தவிடாமல் வைத்துக்கொண்டார்கள். 2011-ல் விஷயம் வெளியே வந்த ஒரே வாரத்தில் மத்திய உளவுத் துறையில் ஓர் அதிகாரி இது தொடர்பான இன்ஃபார்மர் கோப்புகளைக் கிழிக்கும் இயந்திரத்தில் போட்டார். அந்தத் துறையின் தலைவர் அடுத்த வருடம் பதவி விலகினார். 2014-ல் துரிங்கியா சட்டமன்ற விசாரணைக் குழு, இவர்களைப் பிடிக்காமல் விட்டதில் வேண்டுமென்றே நாசவேலை நடந்ததோ என்ற சந்தேகத்தையே எழுத்தில் வைத்தது.

கொலைகள்

2000 செப்டம்பர் 9, நூரன்பெர்க். சாலையோரம் பூ விற்றுக்கொண்டிருந்த என்வர் ஷிம்ஷெக்கைச் சுட்டார்கள், இரண்டு நாளில் இறந்தார். அப்புறம் 2006 வரை நூரன்பெர்க், ஹாம்பர்க், மியூனிக், ரோஸ்டாக், டார்ட்மண்ட், காஸல் என்று எட்டுப் பேர். காய்கறிக் கடைக்காரர், கபாப் கடைக்காரர், பூட்டுக் கடை நடத்திய கிரேக்கர், கடைசியாக காஸலில் இணைய மையம் நடத்திய 21 வயது ஹலித் யோஸ்காட். 2004 ஜூனில் கொலோன் நகரின் துருக்கியர் கடைத்தெருவில் ஆணிக் குண்டு, 22 பேர் காயம். 2007-ல் ஹைல்பிரானில் மிஷேல் கீஸ்வெட்டர் என்ற 22 வயதுப் போலீஸ்காரப் பெண். செலவுக்கு 15 கொள்ளைகள்.

போலீஸ் என்ன செய்தது? கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களைத் துருவியது. ஷிம்ஷெக்கின் மனைவியிடம் ஒரு பெண்ணின் படத்தைக் காட்டி, உன் கணவருக்கு இப்படி ஒரு தனிக் குடும்பம் உண்டு என்று பொய் சொன்னார்கள், ஏதாவது வாய்விடுவாரா என்று பார்க்க. பத்திரிகைகள் ‘கபாப் கொலைகள்’ என்று பெயர் வைத்தன. 2006 மே மாதம் காஸலில் குடும்பங்கள் ‘பத்தாவது பலி வேண்டாம்’ என்று ஊர்வலம் போனார்கள். கொலையாளி வலதுசாரி என்பதை அவர்கள் அப்போதே உணர்ந்திருந்தார்கள்.

இன்னொரு கூட்டத்துக்கும் தெரிந்திருந்தது போலத்தான் இருக்கிறது. 2002-ல் ஒரு நவநாஜிச் சிற்றிதழில் என்.எஸ்.யூ.வுக்கு நன்றி, பலன் கிடைத்தது, போராட்டம் தொடரும் என்று ஒரு வரி அச்சாகியிருக்கிறது. அந்தப் பெயரை வெளியுலகம் கேள்விப்பட இன்னும் ஒன்பது வருடம் இருந்தது. 2010-ல் ஓர் இசைக்குழு இந்தக் கொலைகளைக் கொண்டாடிப் பாட்டே போட்டது. மூன்று பேர் தனியாக ஒரு வீட்டில் ஒளிந்திருந்தார்கள் என்ற கதையை நான் நம்பாததற்கு இதுவும் ஒரு காரணம். வீடு எடுத்துக்கொடுத்தவர், அடையாள அட்டை கொடுத்தவர், கேரவன் வாடகைக்கு எடுத்தவர் எல்லோரும் புதன்கிழமை மேஜையிலும் கச்சேரியிலும் பழகியவர்கள். ஆள் சேர்ப்பின் விளைவு கொலைகாரர்கள் மூவர் மட்டும் இல்லை. கேட்காமல் சாவி கொடுக்கிற முப்பது பேரும்தான்.

மூவரும் வருடாவருடம் கோடையில் பால்டிக் கடலில் ஃபெமான் தீவில் கூடாரம் போட்டார்கள். பக்கத்துக் கூடாரத்துக் குடும்பங்களுக்கு அவர்களை ரொம்பப் பிடிக்கும், பிள்ளைகளோடு நன்றாக விளையாடுவார்களாம்.

அவர்கள் ஆயுதத்தையே திருப்பியது

2011 ஆகஸ்டில், மூவரும் இன்னும் ட்ஸ்விக்காவில் வாழ்ந்துகொண்டிருந்தபோது, துரிங்கியாவின் கேரா நகரில் நடந்த ஒரு நவநாஜி இசை விழாவில் யாரோ 250 டி-ஷர்ட்டுகளை இலவசமாகக் கொடுத்தார்கள். மண்டையோடு, கொடி, முரட்டு வாசகம். சந்தோஷமாக வாங்கிப்போனார்கள். வீட்டில் துவைத்ததும் மேல்படம் கரைந்து அடியிலிருந்து வேறு எழுத்து வந்தது: உன் சட்டையால் முடிந்தது உன்னாலும் முடியும், வலதுசாரித் தீவிரவாதத்திலிருந்து வெளியே வர நாங்கள் உதவுகிறோம். எக்ஸிட் டாய்ச்லாந்து என்ற அமைப்பின் வேலை. முன்னாள் போலீஸ் அதிகாரி பெர்ன்ட் வாக்னரும், நவநாஜித் தலைவராக இருந்து விலகிய இங்கோ ஹாசல்பாக்கும் 2000-ல் தொடங்கியது.

குறும்பு என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் விழாவில் இலவசச் சட்டைக்கு முதலில் கை நீட்டுகிறவன் புதிதாக வந்த பையன், அவன் அதைத் தனியாக, வீட்டில், நண்பர்கள் பார்க்காத நேரத்தில்தான் வாசிப்பான் என்பதை இவ்வளவு நுணுக்கமாகப் புரிந்துகொண்டது உள்ளே இருந்து வந்தவர்களால்தான் முடியும். வெளியேறுகிறவனுக்குப் பெரிய தடை கொள்கை இல்லை. வேலை, வீடு, காதலி, நண்பர்கள் எல்லாமே அந்த ஒரே வட்டத்தில் இருக்கிறது, விட்டால் ஒரே நாளில் எல்லாம் போகும், கூடவே துரோகி என்ற பெயரும் உதையும். எக்ஸிட் மாதிரி அமைப்புகள் அதனால்தான் விவாதத்தைப் பின்னால் வைத்துவிட்டு, முதலில் வேறு ஊரில் வீடு தேடுகின்றன.

மியூனிக் வழக்கு 2013 மே 6 தொடங்கி 438 அமர்வுகள் நடந்தது. 2018 ஜூலை 11-ல் தீர்ப்பு: சேப்பெக்கு ஆயுள், வோல்லேபனுக்குப் பத்து வருடம், மற்ற உதவியாளர்களுக்குக் குறைந்த தண்டனை. கடைசிவரை கூடவே நின்ற ஆண்ட்ரே எமிங்கருக்கு இரண்டரை வருடம், அன்றைக்கே வெளியே விட்டார்கள். பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்த நவநாஜிகள் கைதட்டினார்கள், கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் அதே கூடத்தில் இருந்தன. அதற்கு முந்தைய கோடையில் துரிங்கியாவின் தேமார் என்ற சின்ன ஊரில் சுமார் 6,000 பேர் ஒரு நவநாஜிக் கச்சேரிக்குக் கூடியிருந்தார்கள். ‘அரசியல் கூட்டம்’ என்று பதிவு செய்திருந்ததால் சட்டப்படி தடுக்க முடியவில்லை, பாதுகாப்பும் போலீஸே கொடுத்தது.

இப்போது புதன்கிழமை மேஜைக்கு மதுக்கடை தேவையில்லை, கைபேசியில் ஒரு குழு போதும். 2025 மே மாதம் ஜெர்மன் மத்திய அரசு வழக்கறிஞர் அலுவலகம் ‘கடைசிப் பாதுகாப்பு அலை’ என்று தன்னை அழைத்துக்கொண்ட ஒரு கும்பலைப் பிடித்தது. அகதி விடுதிகளையும் இடதுசாரி இடங்களையும் கொளுத்துவது திட்டம் என்பது குற்றச்சாட்டு. கைதானவர்களில் மிக இளையவனுக்கு 14 வயது. அவர்கள்மேல் சுமத்தப்பட்ட தாக்குதல்களில் ஒன்று அந்த ஜனவரியில் ஓர் அகதி விடுதியைப் பட்டாசால் கொளுத்த முயன்று, சுவரில் சுவஸ்திகா வரைந்துவிட்டுப் போனது. ஊரின் பெயர் ஷ்மோல்ன், அதே துரிங்கியா, யெனாவிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.